மாட்டு வண்டியில் தோரணம், கைபேசியில் தாழி

1869இல் லெப்டினன்ட் ஹென்றி ஹார்டி கோல் என்ற ராணுவப் பொறியாளர் சாஞ்சிக்கு வந்து சேர்ந்தார். பெரிய தூபியின் கிழக்குத் தோரணவாயிலை முழு அளவில் நகலெடுத்து லண்டனுக்கு அனுப்புவதுதான் அவருக்கு இட்ட வேலை. அச்சு எடுக்கத் தேவையான பிளாஸ்டரும் ஜெலட்டினும் மாட்டு வண்டிகளில் வந்து இறங்கின. வாயில் சுமார் 10 மீட்டர் உயரம். தூணிலும் குறுக்கு விட்டங்களிலும் கையகலம் வெற்றிடம் கிடையாது. யானை, குதிரை, போதி மரம், மாமரக் கிளையைப் பற்றிச் சாய்ந்து நிற்கும் யட்சி என்று எங்கும் புடைப்பும் குடைவும். குடைவுக்குள் அச்சு இறுகிவிட்டால் எடுக்கும்போது கல் பெயரும். அதனால் வளைந்துகொடுக்கும் ஜெலட்டினை வைத்துச் சிறு சிறு பகுதிகளாக அச்சு எடுத்தார்கள். அந்தத் துண்டுகள் கப்பலேறி, லண்டனில் மறுபடி தோரணமாக எழுந்து நின்றன.

இந்த நகலுக்குப் பின்னே ஒரு பெரிய காரியம் இருக்கிறது. அந்தக் கிழக்கு வாயிலையே பெயர்த்துப் பாரிஸுக்குக் கொண்டுபோகப் பிரெஞ்சுக்காரர்கள் போபால் ஆட்சியாளர் ஷாஜகான் பேகத்திடம் அனுமதி கேட்டிருந்தார்கள். ஆங்கிலேயர் சிலருக்கும் அதே ஆசை. கடைசியில் இரு தரப்பும் பிளாஸ்டர் நகலோடு அடங்கியதால், 2,000 ஆண்டு கண்ட அசல் இன்றும் சாஞ்சிக் குன்றின் மேலேயே நிற்கிறது. நகல் என்றாலே மட்டம் என்று நினைப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

ஹார்டி கோலின் தந்தை ஹென்றி கோல், இன்று விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் எனப்படும் சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகத்தை நடத்தியவர். 1867இல் பாரிஸ் உலகக் கண்காட்சியின்போது ஓர் உடன்படிக்கையை அவர் முன்வைத்தார். ஒவ்வொரு நாடும் தன்னிடமுள்ள சிறந்த கலைப்பொருள்களுக்கு நகல் செய்து மற்ற நாட்டு அருங்காட்சியகங்களோடு பரிமாறிக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். ஐரோப்பிய அரச குடும்பங்களைச் சேர்ந்த 15 பேர் கையெழுத்திட்டார்கள். இன்று ‘திறந்த அணுகல்’ என்று நாம் சொல்வதன் வேர் அங்கேயே இருக்கிறது. அன்று எண்ணம் இருந்தது, அதற்கான வழிதான் பெருஞ்செலவாக இருந்தது. ரோமாபுரியின் டிராஜன் தூணுக்கு நகல் செய்தார்கள். அரங்கின் கூரைக்குள் அடங்காததால் இரண்டாக வெட்டிப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார்கள். 1873இல் திறந்த அந்த அரங்கில் இன்றும் அப்படித்தான் நிற்கிறது. இப்படியொரு நகலை வாங்க, ஏற்ற, இறக்க, நிறுத்த ஒரு பேரரசின் கஜானா வேண்டும். ஆகவே நகல்கள் ஒரு தலைநகரிலிருந்து இன்னொரு தலைநகருக்குப் போயின. சாஞ்சித் தோரணத்தின் நகல் ஒன்று 1886இல் பெர்லினுக்குப் போய்ச் சேர்ந்தது.

அப்புறம் காலம் மாறியது. 20ஆம் நூற்றாண்டில் ‘அசல்தான் கலை, நகலுக்கு என்ன மதிப்பு’ என்ற எண்ணம் வலுத்து, பல அருங்காட்சியகங்கள் தங்கள் பிளாஸ்டர் நகல்களைக் கிடங்கில் போட்டன, பிறருக்குத் தள்ளிவிட்டன, உடைத்தும் போட்டன. இழப்பு பின்னால்தான் புரிந்தது. ரோமில் வெட்டவெளியில் நிற்கும் அசல் டிராஜன் தூணின் சிற்பங்கள் புகையிலும் மழையிலும் தேய்ந்துகொண்டிருக்க, 1860களில் எடுத்த அச்சு அன்றிருந்த நுணுக்கத்தை அப்படியே பிடித்து வைத்திருக்கிறது. அசலில் மங்கிப்போனதை ஆய்வாளர்கள் நகலில் பார்க்கிறார்கள். ஒரு நகலின் மதிப்பு அதைச் செய்த தலைமுறைக்குத் தெரியாமலே போகலாம். கணினி நகல்களைப் பற்றி முடிவெடுக்கும் அதிகாரிகள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கணினியின் முறை வந்தபோதும் முதலில் கதை மாறவில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் லெவாய் தலைமையில் ஒரு குழு 1998-99இல் இத்தாலியில் தங்கி மைக்கலாஞ்சலோவின் சிற்பங்களை லேசர் கதிரால் அளந்தது. ஃபுளோரன்ஸில் இருக்கும் டேவிட் சிலை 5 மீட்டருக்கு மேல் உயரம். அதற்கென்றே தனியாகச் செய்த உயரமான சாரக்கருவி, பகலில் பார்வையாளர் கூட்டம் என்பதால் இரவு வேலை, 22 பேர், 30 இரவுகள். கிடைத்தது 200 கோடி முக்கோணங்கள், 7,000 வண்ணப் படங்கள், மொத்தம் 32 ஜிபி தரவு. இன்று 32 ஜிபி ஒரு விரல்நகம் அளவு அட்டைக்குள் அடங்கும். அன்று அதைத் திறந்து பார்க்கவே சிறப்புக் கணினி வேண்டியிருந்தது. துல்லியமோ மில்லிமீட்டரில் கால் பங்கு அளவு; உளியின் தடம்கூடத் தெரிந்தது.

ஆனால் அதை யார் பார்த்தார்கள்? முழுத் தரவை எல்லோருக்கும் கொடுக்க இத்தாலிய அதிகாரிகள் சம்மதிக்கவில்லை. விண்ணப்பித்து, ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் ஆய்வாளர்களுக்கு மட்டுமே கிடைத்தது. பொதுமக்களுக்காக ஒரு மென்பொருள் தந்தார்கள். அதில் சிலையைச் சுழற்றிப் பார்க்கலாம், உண்மையான மாதிரி ஸ்டான்ஃபோர்டின் கணினியிலேயே இருக்கும், நம் திரைக்கு வருவது அதன் படம் மட்டும். அறிவியலாக அது பெரிய சாதனை. பகிர்வு என்று பார்த்தால் 1873ஆம் ஆண்டு அரங்கைவிட ஒரு படி கீழே. அங்கே கதவாவது எல்லோருக்கும் திறந்திருந்தது.

பிறகு மூன்று விஷயங்கள் ஏறக்குறைய ஒன்றாகக் கனிந்தன. நல்ல கேமரா எல்லோர் சட்டைப்பைக்கும் வந்தது. சாதாரணப் புகைப்படங்களிலிருந்தே முப்பரிமாண வடிவத்தைக் கணக்கிடும் மென்பொருள்கள் பெருகின, சில இலவசமாகவே. 2011இல் வெளியான வெப்ஜிஎல் என்ற தரநிலையால், தனியாக எதையும் நிறுவாமல் இணைய உலாவியிலேயே 3டி உருவத்தைச் சுழற்ற முடிந்தது. அடுத்த ஆண்டே பாரிஸில் ஸ்கெட்ச்ஃபேப் பிறந்தது. யூடியூபில் காணொளி ஏற்றுவதுபோல் அதில் 3டி மாதிரியை ஏற்றலாம். 2014இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் அதில் சேர்ந்தது. அதைப் பார்த்துச் சிற்றூர் அருங்காட்சியகங்கள்கூடத் துணிந்தன.

இன்று ஒரு சிறிய அருங்காட்சியகம் இதை எப்படிச் செய்யலாம்? முதுமக்கள் தாழியின் மூடி ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நம் ஊர் அருங்காட்சியகங்களில் இல்லாத பொருளல்ல. அதைச் சன்னலோரம், நேர் வெயில் படாத இடத்தில், கையால் சுற்றும் ஒரு வட்டப் பலகை மேல் வைக்கிறோம். பின்னால் கறுப்புத் துணி. பக்கத்தில் 10 சென்டிமீட்டர் அளவுகோலும் ஒரு வண்ண அட்டையும். கேமராவைத் தாங்கியில் பொருத்தி, பலகையை 10 பாகை திருப்பி ஒரு படம், மறுபடி 10 பாகை திருப்பி ஒரு படம். ஒரு சுற்றுக்கு 36 படம். கேமராவை உயர்த்தி இன்னொரு சுற்று, தாழ்த்தி இன்னொரு சுற்று. மூடியைக் கவிழ்த்து உட்புறத்துக்கும் அதேபோல். ஒவ்வொரு படத்திலும் முந்திய படத்தில் பதிந்த பரப்பில் பாதிக்கு மேல் மறுபடி பதிந்திருக்க வேண்டும், அதுதான் சூட்சுமம். அரை நாளில் ஒரு பொருள் முடிந்துவிடும். பழகிய கைக்கு ஒரு மணி நேரம் போதும்.

மென்பொருள் என்ன செய்கிறது? மூடியின் விளிம்பில் ஒரு சிறு கீறல் இருக்கிறது; அது 12ஆம் படத்திலும் 13ஆம் படத்திலும் 14ஆம் படத்திலும் எங்கே எங்கே விழுந்திருக்கிறது என்று தேடிப்பிடிக்கிறது. ஒரே புள்ளியைப் பல இடங்களிலிருந்து பார்த்தால் அதன் தொலைவைக் கணக்கிட்டுவிடலாம். நில அளவையாளர்கள் காலங்காலமாகச் செய்வதும் இதைத்தான். இப்படி லட்சக்கணக்கான புள்ளிகளைக் கண்டு, இணைத்து, முக்கோண வலை பின்னி, மேலே நிறத்தைப் போர்த்துகிறது. மெஷ்ரூம், கோல்மேப் இரண்டும் முற்றிலும் இலவசம். இத்தாலியின் பீசா நகர ஆய்வகம் ஒன்று உருவாக்கிய மெஷ்லேப், நெதர்லாந்திலிருந்து வந்த பிளெண்டர் ஆகியவை வலையைச் சீராக்க. செலவு என்று பார்த்தால் நல்ல கிராஃபிக்ஸ் அட்டை கொண்ட ஒரு கணினி. அதுவும் இல்லாவிட்டால் போலிகேம், கிரி எஞ்சின் போன்ற கைபேசிச் செயலிகள் கணக்கைத் தங்கள் கணினியில் போட்டுத் தருகின்றன.

சுடுமண்ணும் கல்லும் இந்த முறைக்கு வசப்படும். பளபளக்கும் வெண்கலம் வசப்படாது. கேமரா நகர்ந்தால் பளபளப்பும் கூடவே நகர்கிறது. ஒரே புள்ளி என்று மென்பொருள் நம்புவது வெறும் ஒளிச்சிதறலாக இருக்கும், திருமேனியின் தோள் குழிந்துபோகும். விளக்கிலும் லென்ஸிலும் துருவமுனைப்பு வடிகட்டி போட்டால் அந்தப் பளபளப்பை அடக்கலாம். தொழிற்சாலைகளில் பொருள் மேல் வெள்ளைத் தூள் தெளித்து அளப்பார்கள். அருங்காட்சியகப் பொருள் மேல் அந்த வேலை கூடவே கூடாது. அன்று அச்சு எடுத்தவர்கள் அசலைத் தொட்டே ஆக வேண்டியிருந்தது, சில இடங்களில் பழைய வண்ணப்பூச்சும் அச்சோடு பெயர்ந்து வந்தது. இன்றைய முறையின் பெரிய வரம், பொருளின் மேல் எதுவும் பட வேண்டியதில்லை என்பதே.

கணினியில் பிறந்த முதல் மாதிரி கோடிக்கணக்கான முக்கோணங்களோடு கனமாக இருக்கும். அதை அப்படியே இணையத்தில் ஏற்றினால் கிராமத்துப் பள்ளியின் கைபேசி திணறும். முக்கோணங்களை ஒன்றிரண்டு லட்சமாகக் குறைத்து, விடுபட்ட நுணுக்கத்தை ஒரு படமாக மாற்றி மேற்பரப்பில் ஒட்டிவிட்டால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஜிஎல்டிஎஃப் என்ற திறந்த வடிவில் சேமித்தால் 8 எம்பிக்குள் அடக்கலாம். ஒரு சிறு காணொளியைவிடக் குறைவு. இந்த வடிவம் 2022இல் பன்னாட்டுத் தரநிலையாகவும் ஆகிவிட்டது, ஆகவே இன்னொரு நிறுவனத்தின் மென்பொருளை நம்பி நிற்க வேண்டியதில்லை. கனமான மூல மாதிரியையும் எடுத்த புகைப்படங்கள் அத்தனையையும் தனியே காப்பாற்ற வேண்டும். பத்து வருடம் கழித்து வரும் மென்பொருள் அதே படங்களிலிருந்து இன்னும் நல்ல உருவத்தைத் தரும்.

எங்கே ஏற்றுவது என்பதில்தான் பெரும்பாலோர் யோசிக்காமல் போகிறார்கள். ஸ்கெட்ச்ஃபேப் எளிது, உலகம் முழுவதும் பார்வையாளர்கள் அங்கே இருக்கிறார்கள். ஆனால் அது 2021இல் எபிக் கேம்ஸ் என்ற விளையாட்டு நிறுவனத்தின் கைக்குப் போனது. 2024இல் அதன் விற்பனைப் பகுதி ஃபேப் என்ற வேறொரு தளத்துக்கு மாறியது. அதே 2021இல் கூகுள் தன் ‘பாலி’ என்ற 3டி தளத்தையே மூடிவிட்டது. ஏற்றிவைத்தவர்கள் கெடுவுக்குள் தரவிறக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. இந்த நிறுவனங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களுக்கு அது வியாபாரம். ஆனால் மக்கள் சொத்தின் ஒரே பிரதியை அடுத்தவர் கடையில் வைத்துவிட்டு வருவது பொறுப்பான செயல் அல்ல. அங்கே வைப்பது விளம்பரப் பிரதியாக இருக்கட்டும்.

சொந்த வீட்டிலும் ஒரு பிரதி வேண்டும். அதற்கு இன்று ஆகும் செலவு வியக்கும்படி குறைவு. கூகுள் இலவசமாகத் தந்திருக்கும் ‘மாடல் வியூவர்’ என்ற கருவியைக் கொண்டு, ஏற்கெனவே உள்ள இணையப் பக்கத்தில் ஓரிரு வரி சேர்த்தாலே மூடி திரையில் சுழலும். விளிம்பின் கீறலைத் தொட்டால் விளக்கம் விரியும்படியும் செய்யலாம், தமிழிலேயே. இன்னும் விரிவாக வேண்டுமென்றால் ஸ்மித்சோனியன் நிறுவனம் தான் எழுதிய ‘வாயேஜர்’ மென்பொருளை மூலநிரலோடு எல்லோருக்கும் திறந்துவிட்டிருக்கிறது. இணையதளமே இல்லாத அருங்காட்சியகம் கிட்ஹப் பேஜஸில் காசில்லாமல் ஒரு தளம் தொடங்கலாம். அங்கே தளத்துக்கு 1 ஜிபி, மாதப் போக்குவரத்துக்கு 100 ஜிபி என்று வரம்பு உண்டு. 8 எம்பி மாதிரிகள் என்றால் நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்கள், மாதம் 12,000 பார்வைகள் வரை தாங்கும். மாவட்ட அருங்காட்சியகம் ஒன்றுக்கு இது தாராளம். கனமான மூலக் கோப்புகளுக்கு, ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகம் நடத்தும் ஜெனோடோ இருக்கிறது. ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை இடமும், ஆய்வுக் கட்டுரைகளில் மேற்கோள் காட்டத்தக்க நிலையான அடையாள எண்ணும் கட்டணமின்றிக் கிடைக்கும்.

காசு இப்படிக் கரைந்துபோன பிறகு மிஞ்சுவது மனம். பெர்லினில் இருக்கும் நெஃபெர்டிடியின் மார்பளவுச் சிலையை அருங்காட்சியகம் உயர்தரத்தில் அளந்து வைத்திருந்தது, ஆனால் பல ஆண்டுகள் யாருக்கும் கொடுக்கவில்லை. காஸ்மோ வென்மன் என்ற அமெரிக்கக் கலைஞர் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே விடாமல் போராடி 2019இல் அந்தக் கோப்பைப் பெற்று வெளியிட்டார். திறந்து பார்த்தால், சிலையின் அடிப்பகுதியில் உரிம வாசகமே செதுக்கப்பட்டிருந்தது. 3,300 ஆண்டுக்கு முந்திய சிற்பத்தின் உருவத்துக்கு இன்று ஒருவர் உரிமை கொண்டாடலாமா? கூடாது என்பதே என் உறுதியான எண்ணம். ஐரோப்பிய ஒன்றியமும் 2019ஆம் ஆண்டுச் சட்டநெறியில், காப்புரிமைக் காலம் முடிந்த காட்சிக் கலைப் படைப்புகளின் நேர்ப்பிரதிக்குப் புதிதாக உரிமை கோர முடியாது என்று வகுத்துவிட்டது. 2020 பிப்ரவரியில் ஸ்மித்சோனியன் 28 லட்சம் படங்களையும் 3டி மாதிரிகளையும் எந்த நிபந்தனையும் இன்றித் திறந்துவிட்டது. யாரும் எடுக்கலாம், அச்சிடலாம், பாடநூலில் போடலாம், அனுமதிக் கடிதம் வேண்டாம்.

நம் பக்கத்தில் எழும் அச்சம் வேறு. ‘கோப்பைக் கொடுத்தால் போலி செய்து விற்றுவிடுவார்கள், திருடர்களுக்கு வழிகாட்டினதாகிவிடும்’ என்பார்கள். இதற்குத் தமிழ்நாட்டிலேயே பதில் இருக்கிறது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1950களிலிருந்து கோயில் கோயிலாகச் சென்று சிற்பங்களையும் செப்புத் திருமேனிகளையும் படமெடுத்து வந்தது. அந்தத் தொகுப்பில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானிலிருந்து களவுபோன நடராசர், ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தில் சுமார் 50 லட்சம் டாலர் விலைக்கு வாங்கப்பட்டு நின்றுகொண்டிருந்தார். இது அந்தத் திருமேனிதான் என்று நிறுவ உதவியது பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய படம். 2014 செப்டம்பரில் நடராசர் திரும்பி வந்தார். பதிவு இல்லாத சிலையைத்தான் திருடன் எளிதாக விற்க முடியும். ஒரு பக்கத்துப் படமே இவ்வளவு சாதித்தால், வார்ப்பில் விழுந்த ஒவ்வொரு குழியையும் தேய்மானத்தையும் மில்லிமீட்டர் கணக்கில் சொல்லும் மாதிரி எவ்வளவு சாதிக்கும்! கோயில் வழிபாட்டில் இருக்கும் திருமேனிகளின் விஷயத்தில் ஊராரையும் கோயிலையும் கேட்டுத்தான் வெளியிட வேண்டும், அது மரியாதை. நடுகல்லுக்கும் பானை ஓட்டுக்கும் அந்தத் தயக்கம் வேண்டாம்.

நடுகற்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கம் வயலோரத்திலும் புளியமரத்தடியிலும் நிற்கும் கற்களில் எழுத்து வெயிலுக்கு மங்கிக்கொண்டிருக்கிறது. நேரே நின்று பார்த்தால் கல் மட்டுமே தெரியும். 3டி மாதிரியில் நிறத்தைக் கழற்றிவிட்டு, பக்கவாட்டிலிருந்து சாய்வாக வெளிச்சம் விழும்படி மெஷ்லேபில் வைத்தால் எழுத்தின் பள்ளங்கள் நிழலாக எழுந்து வருகின்றன. வெளிச்சத்தை எந்தத் திசைக்கும் நகர்த்தலாம். சூரியன் சாயும் மாலைக்காக வயலில் காத்து நிற்க வேண்டாம். இதைச் செய்ய ஒருவர் கல்வெட்டறிஞராக இருக்க வேண்டியதில்லை. ஊர்ப் பள்ளியின் வரலாற்று ஆசிரியரும் நான்கு மாணவர்களும் ஒரு கைபேசியும் போதும். படிப்பதை அறிஞர் சென்னையிலோ தஞ்சாவூரிலோ இருந்தபடி செய்துகொள்வார். பார்வையற்ற மாணவர்களுக்கு அதே கோப்பை 3டி அச்சுப்பொறியில் அச்சிட்டுக் கையில் கொடுத்தால், வீரனின் வில் எது, பக்கத்தில் நிற்கும் மாடு எது என்று விரலால் தடவி அறிவார்கள். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று அவர்களால் அது முடியாது.

சாஞ்சித் தோரணத்தின் கதை இன்னும் தொடர்கிறது. 2022இல் பெர்லினின் ஹம்போல்ட் ஃபோரத்துக்கு முன்னால் அதே கிழக்கு வாயிலின் நகல் ஒன்று எழுந்தது, இம்முறை மணற்கல்லில், சுமார் 150 டன் எடையில். பிளாஸ்டர் அச்சின் வழிவந்த பழைய நகலை 3டியில் அளந்து, இயந்திரக் கைகளால் செதுக்கி, ஜெர்மன், இந்தியக் கல்தச்சர்கள் கையால் மெருகேற்றினார்கள். ஹார்டி கோலின் அச்சு ஒன்றரை நூற்றாண்டு கழித்தும் வேலைக்கு ஆனதற்குக் காரணம், பெர்லினில் யாரோ அதன் வழிவந்த நகலைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததுதான்.

அதனால் நம் அருங்காட்சியகங்களில் மாதிரிகளைச் செய்யத் தொடங்குபவர்களிடம் ஒரு கோரிக்கை. ஒவ்வொரு பொருளுக்கும் சேர்க்கை எண் போட்டு, கிடைத்த இடம், நாள், அளவு எழுதிவைக்கும் பெரிய பதிவேடு உங்களிடம் இருக்கிறது. அதில் வலது ஓரத்தில் இன்னும் மூன்று கட்டங்கள் போடுங்கள்: மூலக் கோப்பு எந்த எந்த இடங்களில் இருக்கிறது, அதற்குப் பொறுப்பு எந்தப் பணியிடம், கடைசியாகத் திறந்து சரிபார்த்த தேதி எது. ஆளின் பெயரை எழுதாமல் பணியிடத்தை எழுதுங்கள். ஆள் மாற்றலாகிப் போவார். சரிபார்ப்பை ஆண்டுதோறும் நடக்கும் இருப்புக் கணக்கெடுப்போடு சேர்த்துவிடலாம். தாழி மூடி அலமாரியில் இருக்கிறதா என்று பார்க்கும் அதே நாளில், அதன் கோப்பும் திறக்கிறதா என்று பார்த்து இனிஷியல் போட்டால் ஆயிற்று.